ரெண்டு பத்துக்கு வர்ற அதிர்வு

சுத்தியல் தர மாட்டேன்னா சொன்னேன்? இன்னைக்குத்தான் குடி வந்திருக்கீங்க, ரெண்டேகாலுக்கு மேல வந்து வாங்கிக்கோங்க, வீடு பூரா ஆணி அடிங்க, யாரு வேணாம்னா? இப்ப மணி ஒண்ணு நாப்பது. இப்ப நீங்க அடிச்சீங்கன்னு வைங்க, உள்ள ஸ்டோர் ரூம்ல ஒரு பொட்டி உக்காந்திருக்கு, அது அப்படியே எழுதி வெச்சுக்கும். உங்க வீடும் எங்க வீடும் ஒரே அஸ்திவாரம்ங்க. நீங்க அங்க ஆணி அடிச்சா இங்க பூகம்பம்.

ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க, உக்காருங்க. நாற்காலியை இழுக்காதீங்க, தூக்கிப் போடுங்க... சரி விடுங்க, இழுத்தாச்சு. அதையும் எழுதியிருக்கும்.

பொட்டின்னதும் பெருசா நெனச்சுக்காதீங்க, டிபன் பாக்ஸ் அளவுதான். தரையோட ஒட்டி வெச்சிருக்காங்க. அதுக்கு இடம் வேணும்னு ஸ்டோர் ரூம்ல இருந்த எல்லாத்தையும் வெளிய தூக்கிப் போட்டாச்சு. மூணு மாசமா ரெண்டு சூட்கேஸும் ஒரு உடைஞ்ச ஃபேனும் என் கட்டிலுக்குக் கீழ கெடக்கு. யாரு பண்ண வேலைன்னு கேளுங்க. காலேஜ் பசங்க! பாறை, மண்ணு, மலை, இதையெல்லாம் படிக்கிறாங்களாம். அதுல ஒரு பொண்ணு, சோடாபுட்டி கண்ணாடி போட்டிருக்கும், நான் கண்ணாடின்னே கூப்பிடறது, அது எங்கிட்ட சொல்லுது, பூமி நமக்குத் தெரியாமலே தினமும் லேசா ஆடிக்கிட்டு இருக்காம், அதை அளக்கப் போறாங்களாம். நான் கேக்கறேன், நமக்குத் தெரியாம ஆடறதை நாம எதுக்குத் தெரிஞ்சுக்கணும்? அது பாட்டுக்கு ஆடிட்டுப் போகட்டுமே. நாம யாராவது ஏன்னு கேட்டோமா?

சரி, காலேஜ் பசங்க படிக்கிறாங்க, படிக்கட்டும். அவங்க பெரிய சார் இருக்காரு பாருங்க, அவருக்கு அது போதல. ஸ்கூல் பசங்களையும் ஆராய்ச்சியில சேத்துக்கணும்னு கெளம்பிட்டாரு. ஊருக்குள்ள பதினாலு வீடு, வீட்டுக்கு ஒரு பொட்டி, பொட்டிக்கு ஒரு ஸ்கூல் புள்ள காவல். புள்ளைங்க தினமும் சாயந்திரம் அது கம்ப்யூட்டர்ல போட்ட கோட்டைப் பாத்து நோட்டுல எழுதணும், காலேஜ் பசங்க வாரம் ஒருதடவை வந்து சேத்துப் பாப்பாங்க. என் பொண்ணு ஒம்பதாவது. வீட்டுல குடிச்ச டம்ளரைக் கழுவி வைக்கத் தெரியாது, பூமிக்குக் காவல் இருக்கப் போறேன்னு பேரு குடுத்துட்டு வந்துடுச்சு.

அதுக்கு ஒரு பாரம் குடுத்தாங்க. உங்க வீட்டுப் பக்கத்துல ரோடு இருக்கா, லாரி போகுமா, பகல்ல வீட்டுல நடமாட்டம் உண்டா... இப்படி ஒரு பக்கம் முழுக்கக் கேள்வி. அம்பது புள்ளைங்க எழுதிக் குடுத்திருக்கு. எங்க வீட்டைத்தான் மொத ஆளா எடுத்தாங்க. ஏன்னு நெனைக்கிறீங்க? நடமாட்டம்ங்கற எடத்துல என் பொண்ணு எழுதியிருக்கு, "பகலில் அம்மா மட்டும். அம்மாவுக்கு முட்டி வலி. உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்." பெரிய சாருக்கு அதைப் படிச்சதும் ஒரே சந்தோஷமாம். பதினாலு வீட்டுலயே ரொம்ப அமைதியான வீடு எங்களோடதாம். மத்த வீட்டு ஆட்டத்தையெல்லாம் எங்க வீட்டோட ஒப்பிட்டுத்தான் பாப்பாங்களாம்.

ஆமாங்க, முட்டி வலிதான். கட்டு தெரியுதில்ல? அஞ்சு மாசமா இருக்கு.

வலி... இருந்துச்சுங்க. பொய் சொல்லல. சத்தியமா மூணு வாரம் இருந்துச்சு. மாடிப்படி ஏற முடியல, குனிய முடியல, அழுதிருக்கேன். அப்பதான் எங்க வீட்டுக்காரரு, நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்னு சொல்லி வீடு தொடைக்க ஆரம்பிச்சாரு. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல வீட்டுல தொடைக்கிற துணி எந்தக் கலர்னு தெரியாத மனுஷன். மொத நாள் பக்கெட்டை ஹால்ல கவுத்துட்டாரு. ரெண்டாவது வாரம் மூலையெல்லாம் சுத்தம். மூணாவது வாரம் பாடிக்கிட்டே தொடைக்கிறாரு. அப்பப் பாத்து எனக்கு வலி போயிடுச்சு. நீங்களே சொல்லுங்க, அந்த நேரத்துல போய் எப்படிச் சொல்றது? ஒரு மனுஷன் இப்பத்தான் ஒரு வேலையை நல்லாப் பண்ணக் கத்துக்கிட்டு வர்றாரு. நடுவுல நிறுத்தச் சொன்னா மனசு விட்டுப் போயிடாது? இன்னும் ஒரு வாரம் போகட்டும்னு விட்டேன். அந்த வாரத்துல பாத்திரமும் அவருகிட்ட போயிடுச்சு. அடுத்த வாரம் துணி.

சிரிக்காதீங்க, அதிரும்.

ஆனா சும்மா உக்காந்தே இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்? ஊதிப்போச்சுங்க. ஒரு ஜாக்கெட்டும் பத்தல. எங்க கல்யாண நாளுக்கு ஒரு புடவை எடுத்துக் குடுத்தாரு, நான் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறேன், அவரு ரொம்பப் பெருந்தன்மையா, வலியில வீங்கியிருக்குன்னு சொல்லிட்டாரு. அன்னைக்கு முடிவு பண்ணேன். என் பொண்ணோட ஸ்கிப்பிங் கயிறு ஒண்ணு அலமாரிக்கு மேல கெடந்துச்சு. எல்லாரும் போனப்புறம், சீரியல் ரெண்டு மணிக்கு முடியும், பத்து நிமிஷம் உக்காந்து அழுவேன், அப்புறம் ரெண்டு பத்துக்குப் பின்பக்க சிமெண்ட் தரையில போய் முந்நூறு குதி. சனி ஞாயிறு அவங்க வீட்டுல இருப்பாங்க, குதிக்க மாட்டேன்.

இப்பப் புரியுதா? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

அந்தப் பொட்டி வந்தப்ப நான் ஒண்ணும் கவலைப்படல. அது பூமியைப் பாக்கற மிஷின், என்னை எதுக்குப் பாக்கப் போகுது? மொத வாரமே என் பொண்ணு குதிச்சுக்கிட்டு ஓடி வருது. அம்மா அம்மா, தினமும் ரெண்டு பத்துக்கு நம்ம வீட்டுல ஒரு அதிர்வு வருதும்மான்னு கோட்டைக் கொண்டு வந்து காட்டுது. பாத்தேன். குட்டிக் குட்டியா, வரிசையா, ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு. நடுவுல கொஞ்சம் இடைவெளி. அது நான் தண்ணி குடிக்கப் போற நேரம். என் பொண்ணு கண்ணு ரெண்டும் மின்னுது, பதினாலு வீட்டுல வேற யாருக்கும் இது வரலம்மா, எனக்கு மட்டும்தான்னு சொல்லுது.

அன்னைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கணும்தான். ஆனா ஒரே மாசத்துல விஷயம் கைமீறிப் போயிடுச்சுங்க. கண்ணாடி அதைத் தன் காலேஜ் ப்ராஜெக்டா எடுத்துக்கிச்சு. பூமிக்கு சனி ஞாயிறு லீவு உண்டான்னு ராத்திரி பகலா யோசிக்குது. கல்குவாரியில வெடி வைக்கிறாங்களோன்னு லெட்டர் போட்டாங்க, குவாரியை மூடி ரெண்டு வருஷமாச்சுன்னு பதில் வந்துச்சு. ரயில் டைம் டேபிளைப் பாத்தாங்க, தண்ணி பம்ப்பைப் பாத்தாங்க. நடுவுல வர்ற இடைவெளிக்குப் பெரிய சார் ஒரு விளக்கம் சொன்னாரு பாருங்க. உள்ள ஒரு அடுக்கு நகருதாம், கொஞ்சம் ஓய்வெடுக்குதாம், மறுபடி நகருதாம். ஓய்வெடுக்கறதென்னமோ வாஸ்தவம்தான்.

அப்பவாவது நிறுத்தியிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? எப்படிங்க நிறுத்தறது? நிறுத்தினா என் பொண்ணு கண்டுபிடிச்சது இல்லைன்னு ஆயிடுமே. ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதறாங்க, அதுல நாலாவது பேரு என் பொண்ணோடது. ஒம்பதாவது படிக்கிற புள்ள! அதுக்கப்புறம் நான் எனக்காகக் குதிக்கல, அதுக்காகக் குதிச்சேன். ஜுரம் வந்தப்பகூட குதிச்சேங்க. அன்னைக்குக் கோடு கொஞ்சம் சின்னதா இருந்துச்சாம், பூமியோட சக்தி குறையுதுன்னு கண்ணாடி எழுதிக்கிச்சு. அடுத்த நாள் ரெண்டு மாத்திரை போட்டுக்கிட்டு நல்லா ஓங்கிக் குதிச்சேன்.

இவ்வளவு பண்ணியும் பாருங்க, தண்ணித்தொட்டி வீட்டுப் பையன் ஒருத்தன் இருக்கான், அவன் வீட்டுலயும் ஒரு பொட்டி, அதுல லாரி சத்தத்தைத் தவிர ஒண்ணும் வர்றதில்ல. வயித்தெரிச்சல். என் பொண்ணு கம்ப்யூட்டர்ல கோட்டை மாத்தி வரைஞ்சு பெருமை தேடிக்குதுன்னு ஸ்கூல் பூரா சொல்லிட்டான். அது மூணு நாளா சரியா சாப்பிடல. நேத்து எங்கிட்ட கேக்குது, அம்மா, நம்ம மிஷின் பொய் சொல்லுதான்னு. நான் என்ன சொல்லட்டும்? மிஷின் பொய் சொல்லல கண்ணு, படுன்னேன்.

அதுக்காகத்தான் இன்னைக்கு எல்லாரும் வர்றாங்க. பெரிய சார், கண்ணாடி, சயின்ஸ் மிஸ், பதினாலு புள்ளைங்களும். பொட்டியைச் சுத்தி உக்காந்து, ரெண்டு பத்துக்கு அதிர்வு வருதான்னு கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கப் போறாங்க. எங்க வீட்டுக்காரரு அரை நாள் லீவு போட்டுட்டு வர்றாரு. வீட்டு ஆளுங்க யாராவது ஆட்டியிருப்பாங்களோன்னு யாரோ கேட்டாங்களாம். இவரு நெஞ்சை நிமித்திக்கிட்டு, என் பொண்டாட்டி அஞ்சு மாசமா நாற்காலியை விட்டு எந்திரிச்சதில்ல, நான் சாட்சின்னு சொல்லிட்டு வந்திருக்காரு. இன்னைக்கு வரலேன்னா பொட்டியைப் பேத்து எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. என் பொண்ணு பொய் சொல்லுச்சுன்னு ஆயிடும்.

அதனாலதான்... நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்களைப் பாத்த உடனே எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. உங்க பின்பக்கமும் சிமெண்ட் தரைதானே? நடுவுல சுவரு இருக்கு, யாருக்கும் தெரியாது. முந்நூறே முந்நூறு. கயிறு நான் தர்றேன்.

சுத்தியல்ல தட்டினா போதாதான்னு கேக்கறீங்க. நானும் பாத்தேங்க. போன வாரம் இஸ்திரிப் பொட்டியைக் கீழ போட்டுப் பாத்தேன். கண்ணாடி கோட்டைப் பாத்துட்டு, யாரோ இஸ்திரிப் பொட்டி மாதிரி ஒண்ணைக் கீழ போட்டிருக்காங்கன்னு எழுதிடுச்சு. அவ்வளவு கெட்டிக்காரப் பொண்ணு. இங்க ஒரு மனுஷி குதிக்கலாம்னு மட்டும் அதுக்குத் தோணவே இல்ல. ஏன்னா குதிக்க ஆளில்லாத வீடுன்னு பாரத்துலயே எழுதியாச்சே.

என்னது, இடுப்பு வலியா? உங்களுக்கா? பெல்ட் வேற போட்டிருக்கீங்களே, அதைப் பாக்கலயே நான். அடப்பாவமே. எவ்வளவு நாளா?

ஒரு நிமிஷம். காலையில லாரி வந்து நின்னப்ப ஜன்னல்ல பாத்தேன். பீரோ, கட்டில், வாஷிங் மெஷின் எல்லாத்தையும் உங்க வீட்டுக்காரரு ஒத்த ஆளாத் தூக்கறாரு, நீங்க வாசல்ல நின்னு அப்படி வைங்க, இப்படி வைங்கன்னு கை காட்டறீங்க. அப்புறம் அவரு உள்ள போனதும் பூந்தொட்டி ரெண்டை, கக்கத்துக்கு ஒண்ணா, அலாக்காத் தூக்கிட்டுப் போனீங்களே? இது நிஜ வலியா, இல்ல என் வலி மாதிரியா?

முழிக்கிற முழியைப் பாரு. ஐயோ, சொல்ல மாட்டேங்க, நீங்க என்னோடதைச் சொல்லாதீங்க, நான் உங்களோடதைச் சொல்லல. உக்காருங்க, உக்காருங்க. இவ்வளவு நேரம் ஓடப் பாத்தீங்களே, இப்ப என்ன சிரிப்பு? அவரு வீட்டுலதான் இருக்காரா? ஒரு வாரம் லீவா? அப்ப உங்களாலயும் குதிக்க முடியாது. நாசமாப் போச்சு போங்க. இந்தத் தெருவுல நல்ல கால் இருக்கிறவ ஒருத்திகூட இல்லையா?

வாசல் கேட் சத்தம் கேக்குது. வந்துட்டாங்க. திரைச்சீலையை விலக்காதீங்க, இந்தப் பக்கமா வந்து பாருங்க. அது பெரிய சார். அது கண்ணாடி, வெயில்ல கம்ப்யூட்டரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு வருது. நாற்காலி தூக்கிட்டு வர்றாரு பாருங்க, ஒரு கையில ரெண்டு, இன்னொரு கையில ரெண்டு, அவருதான் எங்க வீட்டுக்காரரு. பாட்டு வேற. எனக்குன்னு ஒரு நாற்காலி, நான் கேக்காமலே, காலையிலயே மெத்தை போட்டுத் தனியா வெச்சிருக்காரு, முன் வரிசையில. நல்ல மனுஷன்ங்க. உண்மையிலேயே நல்ல மனுஷன்.

அதோ, கடைசியா வருது பாருங்க, நோட்டை நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு. யாரும் அதுகூடப் பேசல. யாரையும் நிமிந்து பாக்கல. நடந்து வரும்போதே உதட்டைக் கடிச்சுக்கிட்டு வருது... என்னால இதைப் பாக்க முடியலீங்க. பெத்தவ நான் உயிரோட இருக்கும்போது என் புள்ள ஏன் தலை குனிஞ்சு வரணும்?

மணி என்ன? ரெண்டு அஞ்சா?

சரி. அந்தக் கட்டு முடிச்சை அவுத்து விடுங்க, எனக்குக் குனிய வரல. இல்லங்க, இது நிஜமாவே வரல, ஜாக்கெட் இறுக்கம். கயிறு அந்த அலமாரிக்கு மேல. பின்பக்கக் கதவைத் தெறந்தே வைங்க, ஸ்டோர் ரூம் ஜன்னல்லேர்ந்து எல்லாருக்கும் நல்லாத் தெரியணும். பொண்ணுக்குத்தான் மொதல்ல தெரியணும், மிஷினும் பொய் சொல்லல, அதுவும் பொய் சொல்லல. பொய் சொன்னது யாருன்னு பதினாலு புள்ளைங்களும் நோட்டுல எழுதிக்கட்டும். கட்டுரையில கண்ணாடி என் பேரைப் போட்டா அஞ்சாவதாப் போடட்டும்.

நீங்க எங்கயும் போகாதீங்க. வாசப்படியில நின்னு எண்ணுங்க, முந்நூறு. நடுவுல நான் நின்னுட்டேன்னா, எங்க வீட்டுக்காரரு மூஞ்சியைப் பாத்துட்டேன்னு அர்த்தம். நீங்க பாட்டுக்கு எண்ணிக்கிட்டே இருங்க, நான் மறுபடி குதிச்சிடுவேன்.