ஏழாவது ரொட்டி

எங்கள் கட்டடத்தில் அம்மா சுடும் ஷெல்பெக் ரொட்டிக்கு ஈடு கிடையாது ஐயா. மாவை மெல்லிசாக இட்டு எண்ணெயில் போட்டு, உப்பி வந்ததும் சிவக்க விடாமல் எடுத்துவிடுவாள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஏழு ரொட்டி, ஏழு பேருக்கு. இறந்தவர்களுக்குப் போய்ச் சேரும் என்று நம் எல்லோர் வீட்டிலும் செய்வதுதான், உங்களுக்குத் தெரியாததில்லை.

அம்மா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று கேட்டீர்கள். எளிய கேள்விதான். உங்கள் மேசையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. என் தாளில் அம்மா உயிரோடு இருக்கிறாள், ஓய்வூதியம் வாங்குகிறாள். மங்கோலியாவிலிருந்து என் தம்பி தலேல் அனுப்பிய குடியேற்ற விண்ணப்பத்தில், அம்மா இறந்து ஏழு வருடம் ஆகிறது, இந்த ஊரில்தான் புதைத்திருக்கிறது. அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வாழ வேண்டும் என்று காரணம் எழுதியிருக்கிறான். இரண்டும் நான் சொன்னதுதான். வேறு யாரையும் விசாரித்துச் சிரமப்பட வேண்டாம்.

எட்டு வருடத்துக்கு முன் மங்கோலியாவின் பயான்-உல்கியிலிருந்து, நம் முன்னோர் நாடு என்று இந்தக் கரகாண்டா பக்கம் வந்தோம். நான், மனைவி ஐனகுல், ஒரு மகள், ஒரு மகன். அம்மா கடைசிப் பிள்ளையோடு இருப்பதுதான் நம் வழக்கம். குழந்தைகள் புது ஊருக்குப் பழகும்வரை, இரண்டே மாதம் என்று தலேலிடம் சொல்லி அழைத்து வந்தேன்.

அம்மாவுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. குழாயில் வெந்நீர் வருவதை நம்பாமல் வாளி வாளியாகப் பிடித்து மூடி வைப்பாள். கடைக்காரி ரஷ்ய மொழியில் ஏதாவது கேட்டுவிட்டால், எடுத்த பொருளை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். துவைத்த துணியை மடித்து மறுபடி பெட்டிக்குள் வைத்துக் கயிறு கட்டுவாள். இரண்டு மாதம் பத்து மாதமானது. கயிறு மட்டும் அவிழவில்லை.

"ஆடு குட்டி போடுற காலம் வந்துடுச்சு. ஒத்தையாளா அவன் என்ன பண்ணுவான்? என்னை எப்பப்பா அனுப்புவே?" தினமும் இதுதான். பிள்ளைகளும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பள்ளியில் வீட்டை வரையச் சொன்னால் மகள் சித்தப்பாவின் கூடாரத்தையும் நாயையும் வரைந்து கொடுத்தாள். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்று ஒரு குடும்பம் எத்தனை நாள் நிற்க முடியும்? நான் குரலை உயர்த்துகிறவன் இல்லை. அம்மாவிடம் முடியாது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நிதானமாக யோசித்தேன். ஏங்குவதற்கு ஆள் இருந்தால்தானே ஏக்கம் இருக்கும்.

சாவுச் செய்தியை நம் ஆட்கள் தனியாகப் போய்ச் சொல்வதில்லை. பெரியவர்கள் சேர்ந்துபோய்ச் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். நம்மைப்போல் மங்கோலியாவிலிருந்து வந்த மூன்று பேரைத் தேடிப் பிடித்தேன். தலேலை அவர்கள் பார்த்ததுகூட இல்லை. ஏரிப் பனிக்கட்டி உடைந்து வண்டியோடு போய்விட்டான், உடல் கிடைக்கவில்லை என்று சொன்னேன். பாவம், மூன்று பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார்கள். ஐனகுல் வேறு மாவட்டத்துக்காரி, அவளும் நம்பினாள்.

மூவரையும் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர்களில் மவ்லெத் என்ற பெரியவர் தேநீரைத் தொடாமல் ஆரம்பித்தார். "அக்கா, உங்க கூட்டுல ரெண்டு வல்லூறு இருந்துச்சு. ஒண்ணு பறந்து போயிடுச்சுக்கா. இனிமே கையில வந்து உக்காராது."

"என் பிள்ளையா?" என்றாள் அம்மா.

நானும் பிள்ளைதான். எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் சொல்லச் சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன்.

மறுநாள் தலேலைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அம்மா தூக்கத்திலேயே மாரடைத்துப் போய்விட்டாள், அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டோம் என்றேன். அவன் அலறியபோது தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். இரு பக்கமும் ஒரே வாரத்தில் முடிந்துவிட்டால் நல்லது என்று பட்டது.

அந்த வாரமே அம்மா பெட்டியை அவிழ்த்தாள். முதல் வெள்ளிக்கிழமை ரொட்டி சுட்டு, ஏழு பேருக்குக் கொடுக்க வேண்டுமே என்று கதவு கதவாகத் தட்டினாள். கீழ்வீட்டு வேரா அவளுக்கு நன்றி சொல்லக் கற்றுக்கொடுத்தாள். எதிர்வீட்டுக் கொரியக்காரி தட்டைக் காலியாகத் திருப்பித் தர மனமில்லாமல் காரட் ஊறுகாய் வைத்துக் கொடுத்தாள். ஒரே வருடத்தில் அம்மாவுக்கு எந்தப் பேருந்து எங்கே போகும், எந்தக் கடையில் நல்ல மாவு என்று எல்லாம் அத்துப்படி. குடியுரிமை கிடைத்த அன்று மகன் நான்கு மாடியும் ஓடி ஏறி, "சுயுன்ஷி, சுயுன்ஷி" என்று கத்தினான். நல்ல செய்தி கொண்டு வருபவருக்குப் பரிசு தந்தாக வேண்டுமே. அம்மா விரலிலிருந்த வெள்ளி மோதிரத்தைக் கழற்றிப் பேரனுக்குக் கொடுத்தாள். மகளும் இப்போது வீடு என்றால் இந்தக் கட்டடத்தைத்தான் வரைகிறாள். இதெல்லாம் எதனால் நடந்தது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மூன்று வருடத்துக்கு முன் தலேல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கி, பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிட்டான். அன்று வெள்ளிக்கிழமை. நான் கிளம்பும்போது அம்மா வழக்கம்போல ஏழாவது ரொட்டியைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள். "வழியில யாராவது தெரியாத ஆளுக்குக் குடுத்துடுப்பா." அது எப்போதும் என் வேலை.

பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருக்கிறது, வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லி, அவனை நேரே கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். தகரப் பலகை துருப்பிடித்து எழுத்து அழிந்து போயிருந்த ஒரு மேட்டைக் காட்டினேன். அப்பாவின் கல்லறையிலிருந்து ஒரு பிடி மண் கொண்டு வந்திருந்தான். அதை அதன்மேல் தூவினான்.

"ஏண்ணே, ஒரு கல்லு வைக்கக்கூடவா உனக்கு மனசு வரல?" என்றான். எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

வெகுநேரம் மண்டியிட்டு ஓதினான். காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று அவன் முகமே சொன்னது. ரொட்டியை எடுத்துக் கொடுத்தேன். ஒரு வாய் மென்றதும் நிறுத்திவிட்டான்.

"இது யாரு சுட்டது?"

"உன் அண்ணி."

"அம்மா கை அப்படியே வந்துடுச்சு அண்ணிக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு துணுக்கு விடாமல் தின்றான். "எங்க வீட்டுலயும் வெள்ளிக்கிழமை தவறாது அண்ணே. அம்மா பேர்ல ஏழு ரொட்டி சுட்டுடுவோம்."

அன்றைக்கே அவனைப் பேருந்து ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "ஏழாவதை யாருக்குக் குடுத்தே?"

"வெளியூர்லேருந்து வந்த ஒருத்தருக்கு."

"சாப்பிட்டாரா?"

"முழுசும் சாப்பிட்டார்மா."

"அப்ப என் தலேலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்" என்றாள்.

இதில் நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை ஐயா. இத்தனை வருடத்தில் அன்று ஒரு நாள்தான் அந்த ரொட்டி சேர வேண்டியவனிடமே சேர்ந்தது. கொண்டுபோய்ச் சேர்த்தவன் நான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இருவருக்கும் ஆள் அனுப்பிச் சொல்லப்போவதாகச் சொல்கிறீர்கள். தடுக்கமாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். இன்று வெள்ளிக்கிழமை, அம்மா அடுப்பருகில் இருப்பாள். கெட்ட செய்தி என்றால் மூன்று பெரியவர்கள் போக வேண்டும். இது நல்ல செய்தி, ஒருவர் போதும். என்னையே அனுப்புங்கள். சுயுன்ஷி என்று சொல்லிக்கொண்டு நானே படியேறிப் போகிறேன். இந்தத் தடவையாவது அம்மா எனக்கென்று எதையாவது கழற்றித் தருவாள்.