ஆயிரத்தில் ஒரு பங்கு

பென்சிலை அடிக்கடி சீவும் பழக்கம் எனக்கு உண்டு. இந்த வாக்குமூலத்தையும் பென்சிலாலேயே எழுத இன்ஸ்பெக்டர் சம்மதித்தார்.

பரளச்சி சாலையில் உள்ள டெலிபோன் கொட்டகையில் எனக்கு வேலை. ஒரே கம்பியில் பல பேச்சுகள் போக வேண்டுமானால், வேண்டிய ஒலியைப் போகவிட்டு வேண்டாததைத் தடுக்கும் வடிகட்டி தேவை. ஒலியை முழுதாகத் தடுக்கும் சுவரை எந்தச் சூத்திரமும் எழுப்பாது. ஓர் இயற்கணிதக் கோவையை இன்னொரு கோவையால் வகுத்தால் சுவருக்கு மிக அருகில் போகலாம். மிஞ்சும் பிழையை எங்கும் சமமாகப் பரப்பிவிட்டால் அது உறுத்தாது. 1946 மாசி முழுதும் அந்தக் கணக்கில் இருந்தேன்.

என் மனைவி தங்கத்தாய்க்கு அப்போது நிறைமாதம். வீட்டிலிருந்து கொட்டகைக்குக் கம்பி இழுத்து, ஒரு பொத்தானும் பேசும் குழலும் வைத்தேன். பொத்தானை அழுத்தினால் என் காதுக்கருவியில் சீழ்க்கை கேட்கும். வலி வந்தால் குழலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு என்றேன்.

"பேரைச் சொன்னா உங்க ஆயுசுல்ல கொறையும். பொத்தான் போதும், போங்க" என்று சிரித்தாள்.

கத்தரிக்காயா முருங்கைக்காயா என்று கேட்கவும் அழுத்தினாள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. என் கணக்கு ஒவ்வொரு முறையும் அறுந்தது.

வடிகட்டியைச் சோதிக்கச் சீரான ஒலி ஒன்று வேண்டியிருந்தது. கைக்கெட்டியது அவளுடைய சீழ்க்கை மட்டுமே. அதைத் தடுக்கும்படி வடிகட்டியை அமைத்து எங்கள் கம்பியில் பொருத்தினேன். அவளிடம் சொல்லவில்லை.

பங்குனி நான்காம் தேதி மதியம் சீழ்க்கை வந்தது. கொசுவின் ரீங்காரம் அளவுக்கு. விட்டுவிட்டு, நாற்பது நிமிடம். அளந்தேன். ஆயிரத்தில் ஒரு பங்கு, கணக்கோடு பொருந்துகிறது என்று குறித்துக்கொண்டேன். பிறகு நின்றது.

பக்கத்து வீட்டு மாயக்காள் வெயிலில் ஓடி வந்தாள். தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள் என்றாள்.

"பொத்தானுக்குக் கீழயே கெடந்தாய்யா. அம்புட்டு நேரம் என்னய்யா செஞ்சீக?"

கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்றேன்.

வடிகட்டியில் குறை எதுவும் இல்லை. அது சீழ்க்கையை மட்டுமே தடுத்தது, மனிதக் குரலை அல்ல. பொன்ராஜ் என்று ஒரே ஒரு தடவை குழலில் சொல்லியிருந்தால் ஓடிப்போயிருப்பேன். அந்த வழியை நான் அவளுக்காகத் திறந்தேதான் வைத்திருந்தேன்.