மாலை போட்ட சிலிண்டர்

ஊர்காவற்றுறை பஸ்ஸில் பதினொரு பேர் இருந்தோம். எனக்கு முன் இருக்கையில் சுழியோடிகள் சங்கத் தலைவரும், கால் விறைத்துப்போன சுழியோடி ஒருவரும்.

"மோட்டார் சைக்கிளால விழுந்தனான் எண்டு, வந்திருக்கிற வெளிநாட்டு டொக்டரிட்டச் சொல்லும்," என்றார் தலைவர்.

"ஏன் அண்ணை? கடலட்டை பிடிக்க ஆழத்துக்குப் போய், கெதியா மேல வந்துதானே இப்பிடி ஆனது."

"முதல் ஒரு நாட்டுக்காரர் வந்து பாதுகாப்பாச் சுழியோடப் படிப்பிச்சவை. பிறகு மூண்டு நாடு சேர்ந்து, கால் விறைச்சால் உடனை குடுக்கச் சொல்லி ஒட்சிசன் சிலிண்டர் தந்தவை. ஏன் குடுக்கேல்லை எண்டு கேப்பினம்."

"உள்ளதைச் சொல்லுங்கோவன்."

"திறப்பு விழாவுக்குப் பெரியாள் வரேல்லை, அதாலை சிலிண்டருக்கு மாலை போட்டுப் பூட்டி வைச்சனாங்கள் எண்டோ?"

சுழியோடி இரண்டு கையாலும் தன் காலைத் தூக்கி நகர்த்தி வைத்தார்.

"சரி, விழுந்தனான் எண்டே சொல்லுறன். விழாவுக்கு முதல் திறக்கக் கூடாதெண்டு கூட்டத்தில நானும்தானே கை உயர்த்தினனான்."