பத்தாவது பெட்டி

ஜப்பானின் வடகோடித் தீவுப் பழங்குடிகளான நாங்கள், ஐனுக்கள், இடுகாட்டுக்கு இரண்டாம் தடவை போவதில்லை. புதைத்துவிட்டு மலை இறங்கினால் அதோடு சரி. தலைமாட்டில் நட்ட மரக்குறியும் மக்கி விழட்டும் என்று விட்டுவிடுவோம். செத்தவர்களுக்குப் படைப்பதெல்லாம் வீட்டு அடுப்பின் முன்னால்தான். இந்த எலும்பு விவகாரத்தை விசாரிக்கிற நீங்கள் உண்மையை எழுதிக்கொடுக்கச் சொன்னீர்கள், அதனால் இதை முதலில் சொல்கிறேன். இல்லாவிட்டால் நான் பட்டப்பகலில் தோண்டினேன் என்றால் நம்பமாட்டீர்கள்.

நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியர் எங்கள் ஆற்றோரத்துக்கு வந்தார். எங்கள் ஆட்களின் மண்டை ஓட்டை அளந்து பார்க்க வேண்டுமாம். நான் மரம் வெட்டும் கூலி. எழுத்து தெரியாது, மலை தெரியும், அங்கே எந்தக் குழியில் யார் என்பதும் தெரியும். தலைமாட்டு மரக்குறியின் முனை ஈட்டிபோல இருந்தால் ஆண், ஊசிக்காதுபோலத் துளை இருந்தால் பெண். பத்துப் பேரை எடுத்துத் தருவதாகச் சொன்னேன். ஆளுக்கு அரை மூட்டை அரிசி. வீட்டில் தாயில்லாத இரண்டு வயதுப் பிள்ளை, ஹருயே. நிதானமாக வேலை செய்தேன், ஒரு பல்லைக்கூடச் சிந்தவில்லை.

ஒன்பதுதான் தேறியது. மற்றதெல்லாம் மண்ணோடு மண்ணாகியிருந்தது. பேராசிரியர் கோபப்படவில்லை, "பத்துன்னு சொன்னியே" என்று மட்டும் கேட்டார். சொன்ன சொல் தவறினேன் என்று என்னை யாரும் சொன்னதில்லை. பத்தாவதையும் கொடுத்தேன். அது புதியது. தலைமுடிகூட அப்படியே இருந்தது என்று சந்தோஷப்பட்டார்.

அந்த எலும்புகளைத் திருப்பிக் கேட்கிற எங்கள் ஆட்களுக்கு இப்போது ஹருயேதான் தலைவி. எனக்கு அறுபது வயதானபோது எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். போன மாதம் பல்கலைக்கழகத்துக் கிடங்கைத் திறந்து காட்டினார்கள். எலும்புப் பெட்டியில் ஒட்டிய அட்டையில் பெயர் இருந்தால் பெட்டி ஊருக்குப் போகும், பெயர் இல்லாவிட்டால் அங்கேயே இருக்கும். அதுதான் அவர்கள் சட்டம்.

"உங்க தாத்தா மண்டையில நம்பர் எழுதி அலமாரியில வெச்சா, நீங்க இப்படி உக்காந்து டீ குடிப்பீங்களா சார்?" என்று அலுவலரைக் கேட்டாள் ஹருயே. அவர் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

பெட்டி வரிசையின் அந்தக் கோடியிலிருந்து அவளும் இந்தக் கோடியிலிருந்து நானும் அட்டைகளைப் படித்துக்கொண்டு வந்தோம். அவசரமில்லப்பா, எழுத்துக்கூட்டியே படிங்க என்றாள். அப்படித்தான் படித்தேன்.

பெயர், தொயோ. வயது, இருபத்து நான்கு. புதைத்து நான்கு மாதம். கொடுத்தவர், கணவர்.

எல்லாம் சரியாக இருந்தது. பேராசிரியர் ஒழுங்கான மனிதர். ஹருயே மூன்று பெட்டி தள்ளி நின்றாள். அட்டையைப் பிய்த்துப் புகையிலைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பதிவேட்டில் எங்கள் ஊருக்குப் பத்து என்று இருந்தது. பத்தாவது யார் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

ஒன்பது பேர் ஊர் வந்து சேர்ந்தார்கள். அன்று அடுப்பின் முன்னால் படைத்தபோது, பெயர் தெரியாத அந்தப் பத்தாவது ஆளுக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எங்கம்மாவ மட்டும் அவங்க தொடலப்பா. அந்த மட்டுக்கும் நான் குடுத்து வெச்சவ" என்றாள்.

அந்த நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, நான் செய்ததெல்லாம் அந்தப் பிள்ளைக்காகத்தான். ஒன்பது பேருக்குக் கிடைத்த அரிசியில்தான் அவள் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டினாள். பத்தாவது அரை மூட்டையை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. போகிற வழியிலேயே சாராயக் கடையில் கொடுத்துவிட்டேன்.