பின்னால் போகும் பட்டன்

என் கையெழுத்து கொஞ்சம் கோழிக்கிறுக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினோரு வருஷமாக கீபோர்டில்தான் பிழைப்பு. நடந்ததை ஒன்றுவிடாமல், வரிசையாக எழுதச் சொன்னீர்கள். எனக்கு வரிசையாக யோசிக்கத்தான் தெரியும், அதனால் அதில் சிரமம் இருக்காது. யாருமே என்மேல் சந்தேகப்படவில்லையே, நானாக ஏன் வந்தேன் என்று உங்கள் உதவியாளர் ஸ்டேஷன் வாசலில் கேட்டார். அதற்கும் பதில் உண்டு. அது அதன் இடத்தில் வரும்.

நானும் என் சகலையும் ஒரே ஆபீஸ். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன் அவன். மூன்று வருஷம் முன்னால் அவனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். பையன் கெட்டிக்காரன், நம்ம வீட்டுப் பையன் வேறு என்று மேனேஜரிடம் நானே வாய் வலிக்கச் சொன்னேன். போன வருஷம் எங்கள் குழுவுக்கு அவனைத் தலைவனாகப் போட்டார்கள். நானும் கை தட்டினேன். அவன் என்னிடம் வந்து, "அண்ணா, பேருக்குத்தான் நான். உங்களக் கேக்காம ஒரு வரி எழுத மாட்டேன்" என்றான். மனதாரத்தான் சொன்னான். அவன் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

எங்கள் மாமனாருக்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு பக்கமாக லேசாக இழுத்துவிட்டது. பிழைத்து வந்துவிட்டார். கை கால் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் மறதி வந்து ஒட்டிக்கொண்டது. முப்பது வருஷக் கதையைத் தேதியோடு சொல்வார், பத்து நிமிஷம் முன்னால் பல் தேய்த்தாரா என்று கேட்டால் முழிப்பார். காலையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, இதயத் துடிப்பை அடக்குவது. நாளைக்கு ஒன்றுதான். இரண்டு போடக் கூடாது என்று டாக்டர் விரலை ஆட்டிச் சொன்னார். அப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்.

இந்த மாதிரி ஆட்களுக்கு மாத்திரை வேளையைச் சொல்லும் ஒரு ஆப் செய்யலாம் என்று ஆபீஸில் முதலில் சொன்னதும் நான்தான். இதை நீங்கள் தனியாகக் குறித்துக்கொண்டால் நல்லது, ஏனென்றால் வேறு எங்கேயும் யாரும் குறிக்கவில்லை. சகலை அதை எடுத்து ஆறு மாதத்தில் செய்து முடித்தான். அழகாகச் செய்தான். நாற்பது பேரிடம் இரண்டு மாதம் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. அந்த நாற்பதில் மாமா ஒருவர்.

அவருக்குப் போனில் அதைப் பழக்கியதும் நான். நாலு ஞாயிற்றுக்கிழமை. என் லீவு நாள், என் பொறுமை. ஐந்தாவது ஞாயிறு பக்கத்து வீட்டுக்காரர் வந்தபோது மாமா போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாத்தீங்களா, எங்க சின்ன மாப்ள செஞ்சது. என்னைக் கையில புடிச்சுக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கு." நான் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அவர் என் பக்கம் திரும்பி, பெரிய மனசோடு, "நீங்களும் அங்கதான இருக்கீங்க மாப்ள? அவருக்குக் கூடமாட ஒத்தாசையா இருங்க" என்றார்.

கூடமாட ஒத்தாசை. பொறாமை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த வீட்டில் எட்டு வருஷம் நான் ஒரே மாப்பிள்ளை. பல்ப் மாட்டுவதிலிருந்து ஆஸ்பத்திரியில் ராத்தங்குவதுவரை நான்தான். இவன் வந்தான், எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள், நான் வீட்டு நாற்காலி மாதிரி ஆகிவிட்டேன். என் மனைவியிடம் சொன்னேன். "அப்பாதான, விடுங்க, சின்னப் பிள்ளை மாதிரி" என்றாள். யாரைச் சின்னப் பிள்ளை என்றாள் என்று நான் கேட்கவில்லை.

இப்போது வேலை சம்பந்தமாகக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆப்பில் ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்கு ஆளை நகர்த்துவது நாங்கள் எழுதும் வரிதான். அதற்கு இரண்டு வழி உண்டு. பழைய திரையின்மேல் புதியதை அடுக்கலாம், தட்டுமேல் தட்டு வைப்பது போல. அல்லது பழையதை எடுத்துப் போட்டுவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கலாம். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் பின்னால் போகும் பட்டனை அழுத்தும்போதுதான் தெரியும். அடுக்கியிருந்தால் அடியில் இருக்கும் பழைய திரை மறுபடி வெளியே வரும். மாற்றி வைத்திருந்தால் வராது.

மாமாவின் ஆப்பில் முதல் திரை, "இப்போது மாத்திரை போடவும்" என்று சொல்லும். அவர் போட்டுவிட்டு "போட்டாச்சு" என்ற பட்டனை அழுத்துவார். உடனே பச்சைத் திரை வரும்: "இன்றைக்கு முடிந்தது." சகலை இங்கே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருந்தான். அதனால் பச்சைத் திரையிலிருந்து பின்னால் போனால் ஆப் மூடிக்கொள்ளும். சரியான வேலை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

நான் மாற்றியது ஒரே ஒரு சொல். எடுத்துவிட்டு வை என்று இருந்ததை அடுக்கு என்று மாற்றினேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். புதிதாக மாற்றி எழுதியதை, எழுதியவனே அந்த நாற்பது பேர் போனுக்கும் அனுப்பக் கூடாது. இன்னொருத்தர் உட்கார்ந்து பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும். சகலை எப்போதும் தன் கம்ப்யூட்டரைத் திறந்தபடியே விட்டுவிட்டு, "அண்ணா, நீங்க பாத்துட்டு அனுப்பிடுங்க, நான் சாப்ட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவான். அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான். அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன், பார்த்தேன், மாற்றினேன், அனுப்பினேன். எல்லாம் அவன் பெயரில் பதிவானது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு நானும் சாப்பிடப் போய் அவன் எதிரிலேயே உட்கார்ந்தேன். தன் டப்பாவிலிருந்து எனக்குப் பாதி எடுத்து வைத்தான்.

என் நோக்கம் இதுதான். ஆப் கிறுக்குத்தனமாக நடந்துகொள்ளும், மாமா குழம்புவார், சின்ன மாப்பிள்ளை செய்தது அவ்வளவு ஒழுங்கில்லை என்று வீட்டில் ஒரு பேச்சு வரும். மூக்கு லேசாக உடையட்டும் என்று நினைத்தேன். வேறொன்றுமில்லை.

நாற்பது பேரில் மற்றவர்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மற்றவர்கள் பச்சைத் திரை வந்ததும் போனை அப்படியே கீழே வைத்துவிடுவார்கள். மாமா அப்படி விட மாட்டார். அவர் ஒரு பெரிய கிடங்கில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளம்பும்போது உள்ளிருந்து ஒவ்வொரு கதவாகச் சாத்தி, இழுத்துப் பார்த்து, வெளியே வந்தே பழக்கம். போனிலும் அதேதான். பின்னால் போகும் பட்டனை அழுத்தி அழுத்தி எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் வைப்பார். நாலு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். வேண்டாம் மாமா என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, பச்சைத் திரையிலிருந்து அவர் பின்னால் போனால், "இப்போது மாத்திரை போடவும்" என்று வரும் என்பது எனக்குத் தெரியும். தன் நினைவைவிடப் போனைத்தான் அவர் நம்புவார் என்பதும் தெரியும். போன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவருக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியதே நான்தானே.

முன்பெல்லாம் ஏழு நாளைக்கு ஏழு அறை வைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அத்தை மாத்திரையைப் போட்டு வைப்பார். அறை காலியாக இருந்தால் போட்டாகிவிட்டது என்று அர்த்தம். அதை அந்தப் புதனுக்கு முந்தைய ஞாயிறு நான் எடுத்து அலமாரிமேல் வைத்துவிட்டு, புட்டியை முழுசாக அவர் மேஜையில் வைத்தேன். ஆப்பும் பெட்டியும் இரண்டும் இருந்தால் குழப்பம் என்று சொன்னேன். அத்தை சரி என்றார். சோதனைக் காலத்தில் அது நியாயமான யோசனைதான்.

வியாழக்கிழமை காலை அத்தை வீட்டில் இல்லை. கொழுந்தியாள் முழுகாமல் இருக்கிறாள், அவளை டாக்டரிடம் கூட்டிப் போனார். சகலைக்கு மீட்டிங் இருந்ததால் அத்தை போக வேண்டியதாயிற்று. இது எனக்கு முன்கூட்டித் தெரியுமா என்று கேட்டால், தெரியும். செவ்வாய்க்கிழமை என் மனைவி சொன்னாள். அத்தை இருந்திருந்தால் புட்டியைப் பிடுங்கி வைத்திருப்பார்.

யார் எத்தனை மணிக்கு "போட்டாச்சு" அழுத்தினார்கள் என்பது ஆபீஸில் ஒரு திரையில் வந்துகொண்டே இருக்கும். மாமா பதினேழாம் நம்பர். ஒன்பது ஐந்துக்கு ஒரு தடவை. ஒன்பது பதினொன்றுக்கு இன்னொன்று. நான் டீ எடுத்து வந்தேன். ஒன்பது பத்தொன்பது. அவர் நிதானமானவர், தண்ணீர் எடுக்க சமையலறைவரை போய் வருவார். ஒன்பது இருபத்தேழு. ஐந்தாவது தடவை வந்ததும் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், பிறகு மேனேஜரிடம் காட்ட உதவும் என்று. ஆறாவது வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

அத்தை பன்னிரண்டரைக்கு வந்து கதவைத் திறந்தார். மற்றதெல்லாம் உங்கள் காகிதத்திலேயே இருக்கிறது.

இனி, நான் ஏன் வந்தேன் என்பது. மூன்றாம் நாள் சகலை ஆபீஸில் அந்த வரியைத் தோண்டி எடுத்துவிட்டான். பக்கத்தில் அவன் பெயர். அவன் என்னைப் பார்க்கவே இல்லை, என்னைச் சந்தேகப்படும் அளவுக்குக்கூட என்னை நினைக்கவில்லை. தானே ஏதோ அவசரத்தில் தப்பாக எழுதிவிட்டதாக நம்பினான். நேரே வீட்டுக்கு வந்து, எல்லோரும் உட்கார்ந்திருந்த கூடத்தில், அத்தை காலடியில் அப்படியே சரிந்துவிட்டான். "நான்தான் மாமாவக் கொன்னுட்டேன் அத்தை" என்று கத்தினான்.

அடிப்பார்கள், திட்டுவார்கள், குறைந்தது எழுந்தாவது போவார்கள் என்று நினைத்தேன். அத்தை அவன் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வேணும்னா செஞ்ச? அழாதப்பா. அன்னிக்குக் காலைலகூட உன் பேச்சுத்தான் பேசிட்டிருந்தாரு" என்றார். கொழுந்தியாள் அழுதாள். என் மனைவி, எதற்கும் அசையாதவள், போய் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கூடமே அவனைச் சுற்றிக் கூடிவிட்டது. நான் சுவரோரமாக நின்றேன். யாரோ ஒரு சொந்தக்காரர் என் கையைத் தொட்டு, "தம்பி, அந்தக் காலி டம்ளரெல்லாம் கொஞ்சம் உள்ள எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

எடுத்துப் போனேன். கழுவியும் வைத்தேன். அப்போதுதான் முடிவு செய்தேன். யோசனை என்னுடையது, அது அவன் பெயரில் போயிற்று. பழக்கியது நான், அதுவும் அவனுக்கே போயிற்று. இதையாவது விட முடியாது. அந்தச் சொல்லை எழுதியது நான். அவனுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.

இன்னும் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. போன் கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும், அதனால் நானே எழுதிவிடுகிறேன். ஒன்பது நாற்பதுக்கும் ஒன்பது நாற்பத்தெட்டுக்கும் மாமா கூப்பிட்டிருக்கிறார், இரண்டு தடவையும் சகலையை. அவன் மீட்டிங்கில் இருந்தான். போனை எனக்குப் பக்கத்து மேஜையில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தான். மாமா என்று பெயர் எரிந்தது. முதல் தடவை அது தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை அதைக் கவிழ்த்து வைத்தேன்.

என் போனும் அங்கேதான் இருந்தது, ஒன்பது மணியிலிருந்து கண்ணெதிரே நிமிர்த்தி வைத்திருந்தேன். அந்த வீடு ஆபீஸிலிருந்து பத்து நிமிஷம்கூட இல்லை. அவர் போனில் முதல் நம்பர் என்னுடையதுதான், நானே போட்டுக் கொடுத்தது. அவர் என்னைக் கூப்பிட்டிருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிப் போய்க் காப்பாற்றியிருப்பேன்.