அடுத்த வசனத்துக்குப் போகவிடாத மேரிசுகந்தி மிஸ்ஸிக்கு

கடல் கடந்து வந்து காயத்துக்குக் கட்டுப்போட்ட கருணைக் கரத்தவரே! நெடுந்தீவுப் படகில் நிறைமாதக்காரியின் நெற்றியை நீவியபடியே நேரம் பார்த்த நெஞ்சுரத்தவரே! காய்ச்சல்காரரைக் கனிவாலும், கட்டிலில் களவாய்ச் சுருட்டுப் பற்றவைப்போரைக் கண்பார்வையாலும் அடக்கியாண்டவரே! ஊர்காவற்றுறை ஈன்ற உத்தமத் தாதியே! முப்பத்துநான்கு ஆண்டுப் பணி முடித்து ஓய்வுபெறும் எங்கள் மேரிசுகந்தி மிஸ்ஸியே, வணக்கம்!

உங்கள் முகம் பார்த்து எல்லாவற்றையும் சொல்லும் துணிவு எங்களுக்கில்லை. ஆதலால், சபையோர் கேட்க, உங்கள் கதையை வேறொருவர் கதைபோல வாசிக்கிறோம். குறுக்கே பேசாமல் கதிரையில் அமர்ந்திருக்க வேண்டுகிறோம்.

இந்த வைத்தியசாலையின் மருந்தாளர் பத்திநாதர் இளமையில் குருமடத்தில் இலத்தீன் கற்று, குருவாகாமல் குடும்பஸ்தரானவர். மருந்துத் துண்டில் வைத்தியர் கிறுக்கியிருந்த இலத்தீன் சுருக்கம் ஒன்றுக்கு மேரிசுகந்தி அவரிடம் விளக்கம் கேட்டார். அந்தக் கேள்வி வளர்ந்து, ரோமாபுரி ஞானி ஒருவர் வாழ்வையும் சாவையும் பற்றி எழுதிய நூலை மூலமொழியிலேயே வாசிக்கும் வட்டமாயிற்று. அலுவலக லிகிதர் தர்சனா சேர்ந்தார். அம்புலன்ஸ் சாரதி வைத்திலிங்கமும் சேர்ந்தார். எட்டு ஆண்டுகளாகப் புதன்தோறும் கிளினிக் முடிந்ததும் மருந்தறையில் அகராதி விரிந்தது. நால்வருக்கும் விளங்காமல் அடுத்த வசனத்துக்குப் போவதில்லை என்பது வட்டத்தின் சட்டம்.

படித்ததைப் பெட்டியில் பூட்டிவைக்கும் பழக்கம் மேரிசுகந்திக்கு இல்லை. கோபத்தைப் பற்றிய பக்கம் முடிந்த மறுநாள், மருந்து தாமதமென்று மேசையில் அடித்த ஒருவரிடம், “அண்ணை, ரோமாபுரியிலையும் இப்பிடித்தான் கத்தினவையாம். கத்தி ஒருத்தருக்கும் காய்ச்சல் இறங்கேல்லை. இருங்கோ” என்று கதிரையை இழுத்துப் போட்டார். வந்தவர் சிரித்துக்கொண்டே அமர்ந்துவிட்டார்.

சென்ற ஆண்டு மாசி மாதம், வைத்திலிங்கத்தின் ஒரே மகன் சுஜிதன் பண்ணைத் தெருவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மறைந்தான். பத்தொன்பது வயது. இரண்டு மாதம் கழித்து வைத்திலிங்கம் மருந்தறைக்கு வந்தார். “வீட்டிலை இருக்க ஏலாமல் கிடக்கு. வாசியுங்கோ” என்றார்.

அந்தப் புதனே மேரிசுகந்திக்கு மூளை மந்தமாயிற்று! காற்றை நம்பிக் கடலில் இறங்குகிறவனைப் பற்றிய சின்ன வசனம் ஒன்று. “எனக்கு இது விளங்கேல்லை. பழைய பக்கங்களைத் திருப்பிப் பாத்திட்டு வருவம்” என்றார். அடுத்த புதனும் விளங்கவில்லை. அடுத்த மாதமும் விளங்கவில்லை. ஓராண்டுக்கு மேல் நால்வரும் பழைய பக்கங்களையே சுற்றிவந்தோம். “மிஸ்ஸி, சின்னப்பிள்ளைக்கும் விளங்குமே!” என்று பத்திநாதர் சினந்தார். தர்சனா வாயைப் பொத்திச் சிரித்தார். “எனக்கு மண்டை மரத்துப்போச்சு, பத்தி அண்ணை” என்று மேரிசுகந்தி தலைகுனிந்தார். மீன்பிடிக் குடும்பத்து மகளுக்குக் கடல் வசனம் விளங்காத விந்தையை நாங்கள் ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை. இம்மடலின் முதற்பிரதியிலும் அதைப் பகிடியாக எழுதியிருந்தோம்.

சென்ற வெள்ளி, பொறுப்புக் கையளிப்புக்காக மிஸ்ஸியின் அலுமாரியை வெறுமையாக்கினோம். கொப்பி ஒன்று கிடைத்தது. நூல் முழுவதும் அவர் கையெழுத்தில் தமிழாகியிருந்தது. முடித்த திகதி, சுஜிதன் இறப்பதற்கும் முந்தியது. அந்தக் கடல் வசனத்துக்கு அடுத்த பகுதியைத் தேடினோம். மகனை இழந்த தகப்பன் ஒருவனிடம், அழுதது போதும், எழும்பு என்று ஞானி கண்டிப்பாகச் சொல்லும் இடம் அது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: “வைத்தி அண்ணைக்கு இப்ப வேண்டாம். அவர் அழட்டும்.”

ஒரு தகப்பன் தன்பாட்டில் அழுது தீர்க்கவென்று ஓராண்டுக்கு மேலாக மந்தபுத்தி என்ற பெயரைச் சுமந்த மாதரசியே! நாங்கள் வெட்கப்பட்டோம். முதற்பிரதியைக் கிழித்தோம். எங்கள் சிரிப்பை மன்னியுங்கள்.

ஊசி போட்ட கைக்கு ஊசி வேண்டாத உடல் வாய்க்கட்டும்! ஊரார் உறக்கம் காத்த விழிகளுக்கு உறக்கம் நிறையட்டும்! பேரப்பிள்ளைகள் புடைசூழ, பல்லாண்டு பெருவாழ்வு வாழ்க!

மடலின் கடைசி வரிகளைத் தானே சொல்ல வேண்டுமென்று வைத்திலிங்கம் கேட்டார். அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறோம்:

“மிஸ்ஸி, அந்தப் பக்கத்தை உங்கடை கையெழுத்திலை வாசிச்சிட்டன். அழுதனான். பிறகு எழும்பி முகம் கழுவினனான். வாற புதன் நீங்கள் வரவேணும். அந்த இடத்தை நான் சத்தமா வாசிக்கிறன். எனக்குக் குரல் அடைச்சால், உங்களுக்கு விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ.”

என்றும் உங்கள் அன்புக்குரிய,
பத்திநாதர், தர்சனா, வைத்திலிங்கம்
மற்றும் வைத்தியசாலைப் பணியாளர் அனைவரும்