படுதாவைத் திறக்கச் சொன்ன மருத்துவர்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பல்லடம் வட்டாரத்துக் கோழிப்பண்ணைச் சகோதரர்களே, கணவரை இழந்த துயரத்திலும் நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் ஹபீபுன்னிசா அம்மா அவர்களே! சங்கச் செயலாளர் செங்கோடனின் வணக்கம். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வந்தேன். 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று அதில் இருக்கிறது. ஈடு செய்ய முடியாததுதான். ஆனால் தடுக்க முடியாததா? அந்தக் கேள்வி தாளில் இல்லை. ஆகவே தாள் பையிலேயே இருக்கட்டும்.

கால்நடை மருத்துவர் சிக்கந்தர் அவர்கள் கோவையிலிருந்து பதினேழு வருடம் நம் பண்ணைகளுக்கு வந்து போனார். கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்த வருடம் வீட்டுக்கே போகாமல் பண்ணை பண்ணையாக ஊசி போட்டாரே, யாருக்காவது மறந்துவிட்டதா? ஊசி போடச் சொன்னார், போட்டோம். தண்ணீரில் மருந்து கலக்கச் சொன்னார், கலந்தோம். அவர் சொன்னதில் ஒன்றே ஒன்றைத்தான் நாம் கேட்கவில்லை.

தொண்ணூற்று மூன்று ஐப்பசியில் என் பண்ணையில் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. அறுத்துப் பார்த்தார். ரத்தமும் நுரையீரலும் செக்கச்செவேலென்று இருந்தன.

"ஏனுங்க செங்கோடன், இது சீக்கில்லீங்க. கரி அடுப்பை உள்ள வச்சுப்போட்டு, சுத்தியும் சாக்குப் படுதாவை இறுக்கிக் கட்டிப்போட்டீங்க. கரியில இருந்து கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு வருதுங்க. அது ரத்தத்துல ஏறிட்டா நல்ல காத்துக்கு எடமில்லீங்க. குஞ்சுக்கு ஆனது மனுசனுக்கும் ஆகுமுங்க. மூளைக்குக் காத்துப் போகலீன்னா கைகால் இழுத்துக்குமுங்க" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புகையே காணமுங்களே டாக்டர்! கரியில என்னங்க இருக்குது?" என்று சிரித்தேன். பிறகு அவர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, படுதாவுக்கு மேலே ஒரு முழம் திறப்பு விடுங்கள் என்று கெஞ்சினார். "குளிருல குஞ்சு செத்தா யாருங்க பதில் சொல்றது?" என்று மடக்கியவன் நான். கைதட்டியவர்கள் நீங்கள்! அவர் வந்தால் படுதாவை அவிழ்ப்போம். அவர் பஸ் ஏறியதும் கட்டிவிடுவோம். இப்படியே மூன்று வருடம் ஓட்டினோம்.

போன மாதம் அடைமழை. பகலிலேயே கரண்ட் போய்விட்டது. குஞ்சுகளுக்குச் சூடு வேண்டுமென்று படுதாவை இறுக்கிக் கட்டி, கோழிச் செட்டுக்குள் கரி மூட்டினோம். தீனி போட உள்ளே போன என் பண்ணையாள் தம்பிதுரை திரும்பி வரவில்லை. பக்கத்துப் பண்ணைக்கு ஊசி போட வந்திருந்த டாக்டர்தான் உள்ளே ஓடினார். படுதாவைக் கிழித்து அவனை இழுத்துப் போட்டார். தம்பிதுரை பிழைத்துக்கொண்டான். இதோ கடைசி வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறான். டாக்டர் தலை வலிக்கிறது என்றார், வாந்தி எடுத்தார். கொஞ்ச நேரத்தில் வலது கையும் காலும் துவண்டன. பேச்சும் நின்றது.

பக்கவாதம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வாதம் வந்தவருக்குக் குளிர்காற்று ஆகாது என்று நமக்குத்தான் ரொம்பத் தெரியுமே! தீவன அறையில் படுக்க வைத்தோம். சன்னலைச் சாத்தினோம். கதவைச் சாத்தினோம். சூட்டுக்காக அந்தக் கரி அடுப்பையே தூக்கி வந்து கால்மாட்டில் வைத்தோம். வைத்தது யார்? நான்! அவர் இடது கையால் சன்னலைக் காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டினார். "பாவம், குளுருதாட்ட இருக்குது" என்று சொல்லிக் கம்பளியையும் போர்த்திவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்ட காரை எதிர்பார்த்து வெளியே நின்றேன். கார் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கோவை மருத்துவமனையில் அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் என்னிடம் கேட்டார்: "ஏற்கெனவே பி.பி. இருந்தவருங்க. செட்டுல அந்த வாயு பட்டதுலயே மூளை அடி வாங்கியிருக்குது. வெளிக்காத்துல கெடத்தியிருந்தா காப்பாத்தப் பாத்திருக்கலாமுங்க. மறுபடியும் கரியை வச்சது யாருங்க?" ஒன்பதாம் நாள் அவர் போய்விட்டார்.

இதை விதி என்கிறீர்கள். விதியாம்! சன்னலைச் சாத்தியது என் கை. நேற்று ஐந்து பண்ணைகளைப் பார்த்து வந்தேன். நான்கில் படுதா இறுக்கிக் கட்டியிருக்கிறது, உள்ளே கரி எரிகிறது! எனக்கு வயிறு எரிகிறது ஐயா. ஒரு நல்ல மனிதரைக் கொன்றும் நமக்குப் புத்தி வரவில்லையே!

ஹபீபுன்னிசா அம்மாவிடம் சங்கம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "படமும் வேண்டாம், மாலையும் வேண்டாமுங்க. உங்க பண்ணையில வேலை பாக்கறவங்களுக்கும் ஊட்டுல பொண்டாட்டி இருக்குதுங்களே" என்றார்.

எனவே உறுதிமொழி எதையும் நான் வாசிக்கப் போவதில்லை. அடுத்தது மௌன அஞ்சலி என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. அதுவும் இப்போது இல்லை. கரி எரியும் செட்டுக்குள் ஆளை விட்டுவிட்டு இங்கே வந்து கண்ணைத் துடைப்பவர்கள் எழுந்திருங்கள். போய் ஆளை வெளியே கூப்பிட்டு, படுதாவை மேலே ஒரு முழம் திறந்துவிட்டு வாருங்கள். நீங்கள் வரும்வரை நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

என்ன, ஒருவரும் எழவில்லையா? நான்கு பண்ணைக்காரர்களும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். அம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். பெயர் சொல்லிக் கூப்பிடட்டுமா?